தாய்ப்பக்கம் மேலே

மார்ச் 3

அண்ணிக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நான்கு நாட்களாக நீங்கள் போன் செய்கிறீர்கள், நான் எடுக்கவில்லை. இனியும் எடுக்கப்போவதில்லை. நீங்கள் செய்த ஒரு போனால்தான் இத்தனையும். எது சொல்வதானாலும் எழுதிச் சொல்லுங்கள். எழுதியதை நாளைக்கு 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று யாரும் மாற்ற முடியாது.

இங்கே என்ன நடந்தது என்று உங்களுக்கு முழுதாகத் தெரியாமல் இருக்கலாம். போன வியாழக்கிழமை பெரிய டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஜனவரி பதினாறாம் தேதி நான்காம் படுக்கைத் தாயிடமிருந்து எடுத்து, உங்கள் ஆய்வகத்துக்கு நான் அனுப்பிய நஞ்சுக்கொடியில் பெண் செல்கள்தான் வளர்ந்திருக்கின்றன என்று நீங்கள் அவரிடம் சொன்னீர்களாம். அந்தத் தாய்க்குப் பிறந்தது ஆண் குழந்தை. அன்று மதியம் பக்கத்து மேசையில் ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. நஞ்சுக்கொடி மாறியதா, இல்லை குழந்தைகளே மாறிவிட்டனவா என்று கேட்டார். இரண்டு குழந்தைகளுக்கும் பட்டை கட்டியவள் நான்.

என் முறை உங்களுக்குத் தெரியும். குழந்தை வெளியே வந்ததும், தொப்புள்கொடியை வெட்டுவதற்கு முன்பே, தாயின் கையில் ஒரு பட்டை, குழந்தையின் காலில் ஒரு பட்டை, இரண்டிலும் ஒரே எண். அந்த எண்ணைத் தாயையே வாய்விட்டுப் படிக்கவைப்பேன். வலியில் என்னைத் திட்டிக்கொண்டே படிப்பார்கள். பரவாயில்லை, படித்தால் போதும். நஞ்சுக்கொடியை வைத்து உங்களுக்கு அனுப்பும் பெட்டியில் ஒட்டும் லேபிளிலும் அதே எண்தான். பதினாறு வருஷத்தில் ஒரு எண்கூடப் பிசகியதில்லை.

இப்போது நான் துணி அறையில் இருக்கிறேன். விசாரணை முடியும்வரை போர்வை எண்ண வேண்டும். "போர்வையில ஆணா பொண்ணாங்கற தொல்லை இல்ல, நிம்மதியா இரு" என்று துணி அறைக்காரர் ஆறுதல் சொல்கிறார்.

ஒத்துப்பார்க்க ரத்தம் கொடுக்கும்படி இரண்டு தாய்மாரையும் வரச்சொன்னார்கள். பெண் குழந்தையின் தாய் நன்றாகச் சத்தம் போட்டுவிட்டுப் போனார். நான்காம் படுக்கைத் தாய் சத்தம் போடவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு துணி அறை வாசல்வரை என்னைத் தேடி வந்தார்.

"சிஸ்டர், நீங்கதானே பட்டை கட்டினீங்க. இது எம்பிள்ளைதானே?"

"உங்க பிள்ளைதாம்மா."

"அப்புறம் ஏன் ரத்தம் கேக்கறாங்க?"

நான் என்ன சொல்வது? இரண்டு வருஷமாக ஒவ்வொரு தாயிடமும் 'எங்க அண்ணி நல்ல வேலை செய்றாங்க, தூக்கிப் போடறதத்தானே கேக்கறாங்க, குடுங்கம்மா' என்று பேசிப் பேசி வாங்கி அனுப்பியவள் நான். பெரிய டாக்டருக்குப் போன் போடும் முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

துணி அறையிலிருந்து,
உங்கள் கணவரின் தங்கை


மார்ச் 9

அன்புள்ள கறாருக்கு,

உன் அண்ணன் வைத்த பெயரால் உன்னைக் கூப்பிட எனக்கு இப்போது உரிமை இருக்கிறதா தெரியவில்லை. ஆனால் வேறு எப்படித் தொடங்கினாலும் அலுவலகக் கடிதம்போல் ஆகிவிடுகிறது. பிஸ்கட்டை ஸ்கேல் வைத்து அளந்து பங்கு போட்டவள் என்று அவர் சொல்லிச் சிரிக்காத நாள் இல்லை. இப்போது சிரிப்பதில்லை. உன் கடிதத்தைப் படித்தார், என்னைப் பார்த்தார், செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். அந்தச் செடி பிழைக்குமா என்பது சந்தேகம், இந்த வாரத்தில் அத்தனை தண்ணீர்.

உன்னிடம் முதலில் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது, அது உனக்குப் பிடிக்காது. சொல்லியிருந்தால், சொந்தக்காரி என்பதால் விஷயத்தை இருவரும் பேசி மூடிவிட்டோம் என்று நாளைக்கு ஒருவர் சொல்லலாம். அந்தப் பேச்சு என்னைவிட உன்னைத்தான் அதிகம் சுடும். அப்படி நினைத்துத்தான் நேராக மேலே சொன்னேன். எழுதும்போது இது சரியான காரணமாகத்தான் தெரிகிறது. உன் இடத்தில் உட்கார்ந்து படித்தால் எப்படித் தெரியும் என்று நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்த வேலைக்கு நான் ஏன் வந்தேன் என்று உனக்கு எப்போதாவது சொல்லியிருக்கிறேனா? எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் கொழுப்பாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களை அப்போதெல்லாம் மஜ்ஜையிலிருந்துதான் எடுப்போம். இடுப்பெலும்புக்குள் ஊசியை இறக்கி உறிஞ்ச வேண்டும். முதல் தடவை நான் பார்த்தது ஒரு லாரி டிரைவருக்கு. மரத்துப்போக ஊசி போட்டிருந்தும், அவர் என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் விரலில் பதிந்துவிட்டது. அதே வகைச் செல்கள் வயிற்றுக் கொழுப்பில் இருக்கின்றன, விழுந்த பால்பல்லின் உள்ளே இருக்கின்றன, தொப்புள்கொடியில், நஞ்சுக்கொடியில் இருக்கின்றன. வேண்டாம் என்று நாம் வீசுவதிலேயே கிடைக்கும்போது எதற்கு ஒரு ஆளைத் துடிக்கவைக்க வேண்டும்? அதிலும் நஞ்சுக்கொடியில் கிடைப்பவை அப்போதுதான் பிறந்த பிள்ளையின் செல்கள், வயதே ஆகாதவை. என் கட்டுரை முழுக்க இதுதான். நஞ்சுக்கொடியிலிருந்து பிள்ளையின் இளம் செல்களை எளிதாக வளர்க்கலாம் என்கிறேன்.

கட்டுரையைச் சரிபார்த்தவர்கள், ஒரு ஆண் குழந்தையின் மாதிரியில் குரோமோசோமையும் பார்த்துவிடுங்கள் என்றார்கள். நான்காம் படுக்கையை எடுத்தேன். பெண் என்று வந்தது. இரண்டாம் முறை பார்த்தேன், அப்போதும் பெண். எங்கள் பக்கம் அன்று திறந்தது ஒரே பெட்டி. அதனால் கேட்கிறேன், கோபிக்காதே. அன்று மதியம் இரண்டு பிரசவம் என்றாயே. நஞ்சுக்கொடி வைத்த இரண்டு தட்டுகளும் ஒரே மேசையில் இருந்தனவா? லேபிளை எப்போது ஒட்டினாய்?

அண்ணி


மார்ச் 20

அண்ணிக்கு,

கோபிக்காதே என்று சொல்லிவிட்டுக் கேட்கும் கேள்விக்குக் கோபம் வராமல் இருக்குமா? இருந்தாலும் பதில் சொல்கிறேன். இரண்டு தட்டுகளும் ஒரே மேசையில் இல்லை. பெண் குழந்தையின் தாய் நஞ்சுக்கொடியைக் கொடுக்கச் சம்மதிக்கவே இல்லை. நான் பெட்டியை எடுப்பதற்கு முன்பே அது அழிக்கப் போய்விட்டது. இருந்தது ஒன்றே ஒன்று. ஒன்றை எதனோடு மாற்றுவது?

நேற்று முன்தினம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இரண்டு பிள்ளைகளும் அவரவர் தாயிடம்தான் இருக்கிறார்கள். நான் ஆடவில்லை, அழவில்லை. முப்பத்தெட்டாவது போர்வையில் விட்ட எண்ணிக்கையை மறுபடி தொடங்கினேன்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. நான் படித்தது நர்ஸ் படிப்பு, உங்கள் அளவுக்கு விஞ்ஞானம் தெரியாது. ஆனால் நஞ்சுக்கொடியை நான் பார்த்த அளவுக்கு நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதற்கு இரண்டு பக்கம். பிள்ளை இருந்த பக்கம் வழுவழுவென்று பளபளக்கும், தொப்புள்கொடி அங்கிருந்துதான் கிளம்பும். மறுபக்கம் சொரசொரவென்று கட்டி கட்டியாக இருக்கும். அது கருப்பையில் ஒட்டியிருந்து பிரிந்து வந்த பக்கம், தாய்ப்பக்கம் என்போம். ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டாலும் தாய்க்கு ரத்தப்போக்கு நிற்காது. அதனால் கடைசியாகத் தாய்ப்பக்கத்தை மேலே திருப்பி, கட்டிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, குறையில்லை என்று தெரிந்த பிறகுதான் அப்படியே பெட்டியில் வைப்பேன். எல்லாப் பெட்டியிலும் தாய்ப்பக்கம் மேலேதான் இருக்கும். பிரிந்து வரும்போது கருப்பையின் உள்தோலும் கொஞ்சம் அதில் ஒட்டிக்கொண்டு வரும். அது பிள்ளையுடையது அல்ல, தாயுடையது.

நீங்கள் பெட்டியைத் திறந்ததும் எந்தப் பக்கத்தில் வெட்டுவீர்கள்?

இன்னும் துணி அறையில்தான் இருக்கிறேன். பிள்ளைகள் மாறவில்லை என்றால் லேபிள்தான் மாறியிருக்க வேண்டும் என்று இப்போது பேசிக்கொள்கிறார்கள்.

தங்கை


ஏப்ரல் 14

அன்புள்ள கறாருக்கு,

இருபத்தைந்து நாட்களாகப் பதில் எழுதாமல் இருந்தேன். உன் கேள்விக்குப் பதில் படித்த மறுநிமிஷமே தெரியும். மேலே இருக்கும் பக்கத்தில்தான் வெட்டுவேன். மென்மையாக இருக்கும், நொதியில் சீக்கிரம் கரையும், நிறையச் செல் கிடைக்கும். அடிப்பக்கம் ரப்பர் மாதிரி கத்திக்கு வழுக்கும். தாயின் தோலைச் சீவி எடுத்துவிட்டு நடுவில் வெட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கொஞ்சம் சீவுவேன். அந்தக் கொஞ்சம் போதும் என்று நானே முடிவுசெய்திருந்தேன்.

தெரிந்ததை உறுதிசெய்யத்தான் இத்தனை நாள். செல்கள் பெருகி நிறைய நிறைய அடுத்த பாத்திரத்துக்கு மாற்றி வளர்ப்போம், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உறையவைப்போம். நான்காம் படுக்கையின் முதல் பாத்திரத்துச் செல்களை உறைபெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஆணும் பெண்ணும் கலந்து இருந்தன. இரண்டாம் பாத்திரத்தில் ஆண் பாதியாகக் குறைந்தது. நான்காவதில் ஒன்றுகூட இல்லை. தாயின் செல்கள் வேகமாகப் பெருகி, பிள்ளையின் செல்களை ஒதுக்கித் தள்ளிவிட்டன. பெட்டி மாறியிருந்தால் முதலிலிருந்தே பெண் மட்டும்தான் இருந்திருக்கும். பிறகு நீ அனுப்பிய மற்ற ஆண் குழந்தைகளின் மாதிரிகளையும் பார்த்தேன். பதினொன்றில் ஒன்பது பெண். ஒன்பது தடவை நீ லேபிள் மாற்றியிருக்க முடியாது. உன்னால் ஒரு தடவைகூட முடியாது என்பதை நான் முதலிலேயே நினைத்திருக்க வேண்டும்.

ஆக, வயதே ஆகாத பிள்ளையின் செல்கள் என்று இரண்டு வருஷமாக நான் எழுதியதெல்லாம் இருபது, முப்பது வயதுத் தாய்மாரின் செல்கள்.

இனி எழுதப்போவதை எழுத வெட்கமாக இருக்கிறது. நான்காம் படுக்கை மாதிரியை ஒதுக்கிவிட்டுக் கட்டுரையைப் போன மாதமே அனுப்பிவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்பு. ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், ஜூனில் வருகிறது. அதில் ஒரு வரி இருக்கிறது: 'ஒரு மாதிரி, மருத்துவமனையில் நேர்ந்த லேபிள் பிழையால் நீக்கப்பட்டது.' பெயர் எதுவும் இல்லை. யாருக்கும் தெரியாது. உன்னை மறுபடி பிரசவ வார்டில் போட்டுவிட்டார்கள் என்று உன் அண்ணன் சொன்னார். பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள். இப்போதைக்கு விட்டுவிட்டு, அடுத்த கட்டுரையில் மெதுவாகத் திருத்திக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். இப்போது திரும்பப் பெற்றால் இந்த ஆய்வகத்தையே மூடிவிடுவார்கள். பதினோரு வருஷம் இதில் போயிருக்கிறது.

உன் அனுமதி கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

அண்ணி


ஏப்ரல் 25

அண்ணிக்கு,

அனுமதி தரமாட்டேன்.

இதோடு நிறுத்தியிருப்பேன். நேற்று நடந்ததைப் பார்த்த பிறகு கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது.

ஆமாம், மறுபடி பிரசவ வார்டில்தான் இருக்கிறேன். நான் கட்டும் ஒவ்வொரு பட்டையிலும் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற நர்ஸ்களுக்கு அப்படி இல்லை, எனக்கு மட்டும். நான்கு மாதம் முன்பு வேலைக்குச் சேர்ந்த பெண் வந்து என் பட்டையைப் படிக்கிறாள். பாவம், என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவிடுகிறாள். அவள்மேல் கோபம் இல்லை. உங்கள்மேல் இருக்கிறது. இதை நான் தாங்கிக்கொள்வேன் என்றுதான் வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று நான்காம் படுக்கைத் தாய் தடுப்பூசிக்கு வந்தார். பாதியாக இளைத்துவிட்டார். பிள்ளையை யார் கையிலும் கொடுப்பதில்லை. எடை பார்க்கக்கூடக் கொடுக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவரே பெரியவர்கள் எடைமேடையில் ஏறி நின்றார், பிறகு அவர் எடையைக் கழித்துப் போட்டுக்கொண்டோம். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ரத்தத்துல சரியா இருக்குன்னு பேப்பர் குடுத்துட்டாங்க சிஸ்டர். தினம் எடுத்துப் படிக்கிறேன். ஆனா பால் குடுக்கும்போது இவன் மூஞ்சியத்தான் பாத்துட்டே இருக்கேன். மூக்கு யாரோடதுன்னு. காது யாரோடதுன்னு."

"சந்தேகமே வேண்டாம்மா, பேப்பர் சரிதான்."

"பேப்பர் சரின்னா அந்த லேப்ல ஏன் பொண்ணுன்னு வந்துச்சு? ரெண்டுல ஒண்ணு தப்புதானே? எது தப்புன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்களே."

எது தப்பு என்று எனக்குத் தெரியும். உங்கள் கடிதம் என் பையில்தான் இருந்தது. சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் நான் இல்லை. நான் சொன்னால், மாட்டிக்கொண்ட நர்ஸ் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்றுதான் ஆகும்.

உங்கள் அடுத்த கட்டுரைவரை அந்தத் தாய் அப்படியே உட்கார்ந்து மூக்கையும் காதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? லாரி டிரைவருக்கு வலித்ததைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நீங்கள் இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். இவருக்கும் வலிக்கிறது. ஊசி குத்தியது நீங்கள்தான்.

தங்கை


மே 4

அன்புள்ள கறாருக்கு,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். அடுப்பில் இருந்தது தீய்ந்துபோனது. உன் அண்ணன் வந்து அடுப்பை அணைத்துவிட்டு, "என்ன முடிவு பண்ணியிருக்க?" என்றார். இத்தனை நாளில் அவர் கேட்ட முதல் கேள்வி. "எழுதப் போறேன்" என்றேன். "சரி, சாப்பாடு வெளில வாங்கிக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

நான்கு கடிதம் எழுதினேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று பத்திரிகைக்கு ஒன்று. பெரிய டாக்டருக்கு ஒன்று, அதில் உன் வேலையில் எந்தப் பிழையும் இல்லை, பிழை முழுவதும் என் கத்தியுடையது என்று எழுதியிருக்கிறேன். உன் கோப்பில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். நகல் உனக்கு இதோடு வருகிறது. எங்கள் இயக்குநருக்கு ஒன்று. அவர் உடனே கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். ஆய்வகம் ஆறு மாதம் நிறுத்திவைக்கப்படுகிறது. மூடவில்லை, ஆனால் சாவி என்னிடம் இல்லை. அழுகை வந்தது. அடக்கவில்லை.

நான்காவது அந்தத் தாய்க்கு. அதை எழுதத்தான் மூன்று நாள் ஆயிற்று. எப்படி எழுதினாலும் என் பக்க நியாயம் ஒன்று எங்காவது ஒட்டிக்கொண்டது. உன்னைப்போல் எழுத முயன்று, கடைசியில் ஒரு பக்கத்தில் முடித்தேன். ஒட்டாமல் உன் உறையில் வைத்திருக்கிறேன். முதலில் நீ படி. சரியென்று பட்டால் அவரிடம் கொடு.

அதோடு ஒரு சம்மதப் படிவமும் இருக்கிறது. இது எனக்கு நேற்றுத்தான் உறைத்தது. பிள்ளையின் நஞ்சுக்கொடிக்குத்தான் அவர் சம்மதம் கொடுத்தார். உறைபெட்டியில் இருப்பவை அவருடைய சொந்தச் செல்கள். அவற்றுக்கு நாம் அவரைக் கேட்கவே இல்லை. இயக்குநரிடம் சொன்னேன், இவரையும் இப்படியான மற்றத் தாய்மாரையும் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றார். அழிக்கச் சொன்னால் அழித்துவிடுவோம். அவர் எது சொன்னாலும் சரி, வற்புறுத்தாதே. நீ வற்புறுத்த மாட்டாய், தெரிந்தும் எழுதுகிறேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் வரியை மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் உன்னைச் சந்தேகப்பட்டேன். தப்பு. அதற்கு மேல் எழுதினால் மறுபடி நியாயம் பேசத் தொடங்கிவிடுவேன்.

அண்ணி


மே 15

அன்புள்ள அண்ணிக்கு,

அந்தத் தாய்க்கு நீங்கள் எழுதியது நல்ல கடிதம். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. 'நொதி' என்ற இடத்தில் மட்டும் 'கரைக்கும் மருந்து' என்று எழுதிக்கொடுத்தேன்.

இன்று காலை அவரை வரச்சொன்னேன். பெரிய டாக்டர் தன் அறையையே கொடுத்தார். அவர் முகம் கொஞ்சம் சின்னதாகத்தான் இருந்தது. என் பட்டைகளுக்கு இனி யாரும் கையெழுத்துப் போட வேண்டாம் என்றார். எல்லாருடைய பட்டைக்கும் இரண்டு பேர் போடுவது நல்ல பழக்கம்தான், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சரி என்றார்.

அந்தத் தாய் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தார். நஞ்சுக்கொடியை நான் எப்படி வைப்பேன், நீங்கள் எங்கே வெட்டினீர்கள் என்று அவருக்கு என் உள்ளங்கையையும் புறங்கையையும் காட்டி விளக்கினேன்.

"அப்ப அங்க பொண்ணுன்னு வந்தது நானா?"

"நீங்கதாம்மா."

"இன்னும் வளருதா அது?"

"உறைய வச்சிருக்காங்க. எடுத்தா வளரும்."

"எங்கிட்ட யாரும் கேக்கலையே."

"கேக்கல. அதத்தான் இப்ப கேக்கறாங்க."

உங்கள் படிவத்தை எடுத்து வரி வரியாகப் படித்தார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். பிறகு என்னிடம் பேனா வாங்கி, படிவத்தில் இருப்பதுபோல் இதனால் யாருக்கும் இடுப்பெலும்பில் ஊசி போட வேண்டாம் என்றால் வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். "ஆனா எம்பிள்ளையோடதுன்னு இனிமே எங்கயும் எழுதக் கூடாதுன்னு சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன். படிவம் இதோடு இருக்கிறது.

அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. "சிஸ்டர், காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன்" என்று எழுந்து, பிள்ளையை என் கையில் கொடுத்தார். நான் சரியாகப் பிடித்துக்கொள்வதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

அரை மணி நேரம் ஆகிறது, இன்னும் வரவில்லை. வரட்டும், அவசரம் இல்லை. பயல் நல்ல கனம், இடது தோளில் தூங்கிப்போய்விட்டான். ஒற்றைக் கையால்தான் இதை எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கறார்